புதுப்பிப்பு: பிகேசி1 இல்லாத ஈஸ்ட் செல் ஏன் வெடிக்கிறது?

பிகேசி1 (PKC1) மரபணுவை நீக்கிய ரொட்டி ஈஸ்ட் செல்கள் சுவர் தாங்காமல் வெடித்துச் சாகும், வளர்ப்பு ஊடகத்தில் 1 மோலார் சார்பிட்டால் (செல்லுக்குள் நீர் புகுந்து அழுத்துவதைக் குறைக்கும் ஒரு சர்க்கரை ஆல்கஹால்) கலந்தால் பிழைத்துக்கொள்ளும் என்று முன்பு எழுதியிருந்தேன். அந்த மரபணு தரும் புரதம் ஒரு கைனேஸ், அதாவது மற்றப் புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டிச் சேதி கடத்தும் நொதி; அது யாருக்குச் சேதி சொல்கிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

1990களின் தொடக்கத்தில் டேவிட் லெவின் குழு இதற்குக் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. சாகவேண்டிய செல்களில் தப்பிப் பிழைத்தவற்றைத் தேடினார்கள். பிசிகே1 (BCK1) என்ற இன்னொரு கைனேஸ் திரிபடைந்து, யாரும் தூண்டாமலே இயங்கும் செல்கள் கிடைத்தன. பிகேசி1 இல்லாமலே அவை வளர்ந்தன. அப்படியானால் சேதி கடத்தும் வரிசையில் பிசிகே1, பிகேசி1க்குக் கீழேதான் இருக்க வேண்டும்! அதற்கும் கீழே எம்கேகே1, எம்கேகே2 என்ற இரட்டைக் கைனேஸ்கள், கடைசியில் எம்பிகே1 என்ற கைனேஸ்.

சரி, எல்லாம் ஒரே சங்கிலியா? அங்கேதான் சுவாரசியம். பிசிகே1 அல்லது எம்பிகே1 நீக்கிய செல்கள் 24 டிகிரியில் வளர்கின்றன, 37 டிகிரியில்தான் உடைகின்றன. பிகேசி1 நீக்கியவையோ எந்த வெப்பத்திலும் உடைகின்றன. ஆக, பிகேசி1க்கு வேறு வேலையும் இருக்கிறது.

உடைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பிசிஐபி (BCIP) என்ற நிறம் காட்டும் வேதிப்பொருள் கலந்த அகாரை ஈஸ்ட் வளரும் தட்டின்மேல் ஊற்றினால், உடைந்த செல்களிலிருந்து கசியும் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி அந்தக் காலனியை (செல் திரளை) நீலமாக்கிவிடும். உடையாத காலனி வெள்ளையாகவே இருக்கும்.

செல்சுவர் இழுபடுவதை முதலில் உணரும் டபிள்யூஎஸ்சி1, மிட்2 புரதங்களைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.