குதிகால் வலிக்கு ஷாக்வேவ் சிகிச்சை: நொந்த திசுவை மேலும் தாக்கலாமா?

கேள்வி (முதல்அடி):
எட்டு மாதங்களாக வலது குதிகாலில் வலி இருக்கிறது. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது முள் தைத்தாற்போல் வலிப்பதும், பத்துப் பதினைந்து அடி நடந்த பின் சற்றுத் தணிவதும் வாடிக்கையாகிவிட்டது. கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சி, மெத்தென்ற காலணி, மாத்திரை என எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். இப்போது மருத்துவர் ஷாக்வேவ் சிகிச்சையைப் பரிந்துரைக்கிறார். ஏற்கெனவே நொந்திருக்கும் திசுவுக்கு மேலும் அடி கொடுத்தால் அது எப்படி ஆறும்? இது மின்சாரம் பாய்ச்சும் முறையா?

பதில் (இயன்முறை மருத்துவர்):
உடலுக்குள் செல்வது மின்சாரம் அன்று. ஒலியலையின் இனத்தைச் சேர்ந்த அழுத்த அலை. 1980-இல் மியூனிக் நகரில் சிறுநீரகக் கல்லை உடைக்க முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பயன்பட்ட முறையே, பின்னர் ஆற்றல் குறைக்கப்பட்டு எலும்புக்கும் தசைநாணுக்கும் வந்தது.

உங்கள் ஐயம் நியாயமானது. ஆனால், இவ்வளவு நாள் நீடித்த குதிகால் வலியில், அந்தத் திசு புதுப் புண்ணைப் போல் அழன்றுகொண்டிருப்பதில்லை. ஆறும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, தடித்துச் சிதைந்த நிலையிலேயே தங்கிவிடுகிறது. அலையின் விசையை உணரும் உயிரணுக்கள் வளர்ச்சிக் காரணிகளை (திசு வளரத் தூண்டும் புரதங்களை) வெளியிடுவதும், அதனால் புதிய நுண்ணிய இரத்தக் குழாய்கள் முளைப்பதும் விலங்குகளில் நடந்த ஆய்வுகளில் காணப்பட்டுள்ளன. நின்றுபோன வேலை மீண்டும் தொடங்குவதற்கான தூண்டுதல் என்றே இதை நான் கருதுகிறேன். எல்லோருக்கும் பலிக்கும் என்று உறுதி கூற மாட்டேன். நீட்டும் பயிற்சியை விட்டுவிட்டு இதை மட்டும் நம்புவதும் கூடாது.

பதில் (பயன்பெற்றவர்):
எனக்குச் செய்தவர் குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்து, வலி உச்சமாக இருந்த இடத்தில் பேனாவால் குறியிட்டு, ஜெல் தடவிய பிறகே கருவியை வைத்தார். ஒவ்வொரு அமர்விலும் கருவி 2000 தடவை தட்டும். முதல் சில நூறு தட்டுகளைப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் தாங்கினேன். வாரம் ஒன்றாக மூன்று முறை முடிந்தும் மாற்றம் தெரியாததால் மனம் உடைந்துபோனேன். ஏழாவது வாரத்தில் ஒரு காலை, குளியலறை வரை நடந்து சென்ற பிறகுதான், முதல் அடியில் வலிக்கவே இல்லை என்பது உறைத்தது.

கேள்வி (முதல்அடி):
மிக்க நன்றி. மரத்துப்போகும் ஊசி போட்டுக்கொண்டு செய்துகொள்ளலாமா?

பதில் (இயன்முறை மருத்துவர்):
வேண்டாம். அந்த இடத்தை மரக்கச் செய்தால் பலன் குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. மேலும், வலி எங்கே இருக்கிறது என்று நீங்கள் சொல்வதை வைத்தே கருவியை நகர்த்த வேண்டியிருக்கிறது. தாங்க முடியாவிட்டால் ஆற்றலைக் குறைத்துத் தொடங்கச் சொல்லுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்பவர் என்றாலோ, கருவுற்றிருந்தாலோ, அந்த இடத்தில் கட்டியோ கிருமித்தொற்றோ இருந்தாலோ, அண்மையில் குதிகாலில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தாலோ, முதல் அமர்வுக்கு முன்பே மருத்துவரிடம் கட்டாயம் தெரிவித்துவிடுங்கள்.