மெட்லராய்ட் இரண்டானது எந்த ஆண்டில்?

ஏட்டுச்சுவடி:
பாதசாரி நேற்று இங்கே பகிர்ந்த பயணக் கட்டுரையைப் படித்ததில் இரவு உறக்கம் கெட்டதுதான் மிச்சம். ஏறத்தாழ ஐம்பது பேர் வாழும் மெட்லராய்ட் என்னும் ஜெர்மானியச் சிற்றூர் 1966 வரை ஒன்றாக இருந்ததாம். ஒரே இரவில் எழுந்த சுவர் அதை இரண்டாக்கிவிட்டதாம். அந்த ஊரின் நடுவே ஓடும் டான்பாக் ஓடை 1810 முதலே எல்லையாக இருக்கிறது என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும். அன்று ஒரு கரை பவேரிய அரசுக்கும் மறு கரை ராய்ஸ் என்னும் சிற்றரசுக்கும் உரியவையாக இருந்தன. இரண்டின் முதலெழுத்துகளையும் பொறித்த எல்லைக் கற்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. சுவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பியவர் கல்லையும் ஒருமுறை குனிந்து பார்த்திருக்கலாம்.

பாதசாரி:
"ஒரே இரவில்" என்பது சொல்லழகுக்காக எழுதியது. அதை வேண்டுமானால் நீக்கிவிடுகிறேன். ஊர் ஒன்றாயிருந்தது என்பதை நீக்க மாட்டேன். பள்ளிக்கூடமும் மதுக்கடையும் தூரிங்கியக் கரையில், அதாவது பழைய ராய்ஸ் பக்கமாக இருந்து பின்னாளில் கிழக்கு ஜெர்மனியில் சேர்ந்த கரையில், இருந்தன. மாதாகோயிலோ பவேரியப் பக்கத்தில் உள்ள டோப்பென் என்னும் ஊரில் இருந்தது. படிக்க ஒரு கரை, குடிக்க அதே கரை, கும்பிட மறு கரை என்று நூறாண்டுக்கு மேல் வாழ்ந்தவர்களைப் போய் இரண்டு ஊரார் என்று சொல்வதற்கு ஏட்டுச்சுவடி ஐயா ஒருவரால்தான் முடியும். மோட்லராய்ட் மக்களுக்கு அந்தக் கல் காலில் இடறும் கல், அவ்வளவுதான்.

ஏட்டுச்சுவடி:
முதலில் ஊரின் பெயரைச் சரியாக எழுதுங்கள். அது "மோட்" அன்று, "மெட்". டோப்பெனும் அன்று, டெப்பென். பெயரையே பிழையாக எழுதுகிறவர் ஆண்டைச் சரியாகச் சொல்வார் என்று நான் எப்படி நம்புவது? பவேரியக் கரை அடங்கிய பைரூத் பகுதியை நெப்போலியன் பவேரியாவுக்குக் கொடுத்தது 1810 இல். அந்த ஆண்டில் ஓடையின் ஒரு கரைக்கு அரசர் ஒருவர், மறு கரைக்குச் சிற்றரசர் ஒருவர். எனவே 1810.

இளவேனில்:
இருவருமே தவறு. பிரிந்தது 1952 இல். அந்த ஆண்டு மே மாத இறுதியில் கிழக்கு ஜெர்மன் அரசு எல்லையோரத்தில் ஐந்து கிலோமீட்டர் அகலத்துக்குத் தடைப் பகுதியையும், அதற்குள்ளே ஐந்நூறு மீட்டர் காப்புப் பட்டையையும், எல்லையை ஒட்டிப் பத்து மீட்டர் உழுத மண் பட்டையையும் வகுத்தது. நம்பத் தகாதவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட குடும்பங்களை ஜூன் மாதத்தில் உள்நாட்டுக்குப் பெயர்த்தார்கள்; தூரிங்கியாவில் அந்த நடவடிக்கைக்கு வைத்த பெயருக்குப் பூச்சி புழு என்று பொருள். மனிதர்களைப் பற்றித்தான் அப்படிச் சொன்னார்கள். மெட்லராய்ட்டில் முதலில் மரப்பலகை வேலி வந்தது. பதினான்கு ஆண்டுகள் கழித்துத்தான் எழுநூறு மீட்டர் நீளக் கான்கிரீட் சுவர். சுவர் வந்தபோது பிரிப்பதற்கு அங்கே என்ன மிச்சம் இருந்தது?

ஏட்டுச்சுவடி:
அம்மையாரே, அந்த வேலி ஏன் சரியாக அந்த ஓடையோரத்தில் வந்தது என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தீர்களா? வெற்றி பெறப்போகும் நாடுகள் 1944 செப்டம்பரில் லண்டனில் ஜெர்மனியைப் பங்கிட்டபோது பழைய மாநில எல்லைகளையே கோடாக எடுத்துக்கொண்டன. 1945 ஏப்ரலில் தூரிங்கியாவுக்குள் வந்த அமெரிக்கப் படை, ஜூலையில் அதைச் சோவியத் படையிடம் விட்டுவிட்டுப் பின்வாங்கியது எந்தக் கோட்டுக்கு? 1810 ஆம் ஆண்டின் கோட்டுக்கு. நீங்கள் சொல்லும் 1952 அதன் மகன். பாதசாரி சொல்லும் 1966 பேரன். பேரனின் பிறந்த நாளைப் பாட்டனின் பிறந்த நாள் என்று கொண்டாட வேண்டாம்.

ஐயன்பேட்டையான்:
பெரியோர்களே, "ஊர்" என்று இங்கே நாம் எதைச் சொல்கிறோம் என்று முதலில் முடிவு செய்துகொள்ளலாமா? நிர்வாகத்தையா, அல்லது கூடிவாழும் மக்களையா? அதைச் சொல்லாமல் ஆண்டைத் தேடுவது வீண் என்று எனக்குப் படுகிறது.

பாதசாரி:
பாட்டன், பேரன் கதையெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. 1983 இல் அமெரிக்கத் துணை அதிபராக இருந்த ஜார்ஜ் புஷ் அந்தச் சிற்றூருக்கு வந்தாரே, 1810 ஆம் ஆண்டின் கல்லைப் பார்க்கவா வந்தார்? அமெரிக்கப் படைவீரர்கள் அதைச் "சின்ன பெர்லின்" என்று அழைத்தது ஓடையைப் பார்த்தா, சுவரைப் பார்த்தா? மேற்குக் கரையில் நின்று கையசைத்தவருக்குப் பதிலாகக் கையசைப்பதுகூடக் கிழக்குக் கரையில் தடை செய்யப்பட்டிருந்தது. ராய்ஸ் சிற்றரசர் காலத்தில் கையசைத்ததற்காக யாராவது தண்டிக்கப்பட்டார்களா என்பதற்குச் சான்று காட்டுங்கள், நான் கட்டுரையையே எடுத்துவிடுகிறேன்.

சாலைக்கரையான்:
நான் நேரில் போயிருக்கிறேன். ஓடை என்றால் பெரிதாக எண்ண வேண்டாம். வேட்டியை மடித்துக்கொண்டு ஒரே எட்டில் தாண்டிவிடலாம். ஆனால் தாண்டினால் அஞ்சல் குறியீடு வேறு, தொலைபேசிக் குறியீடு வேறு, வண்டியின் எண் பலகை வேறு, மேயரும் வேறு. ஒரு கரை டெப்பென் ஊராட்சியிலும் மறு கரை கெஃபெல் நகராட்சியிலும் சேர்ந்திருக்கின்றன. ஜனவரி 6 அன்று பவேரியக் கரையில் விடுமுறை, தூரிங்கியக் கரையில் வேலை நாள். அக்டோபர் 31 அன்று அது தலைகீழாகிவிடும். பவேரியர் "இறைவன் வாழ்த்துக" என்ற பொருளில் வணக்கம் சொல்வார்கள், எதிர்க்கரையார் "நல்ல நாள்" என்பார்கள். ஜெர்மனி இணைந்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் இப்படித்தான் இருக்கிறது.

ஏட்டுச்சுவடி:
கேட்டீர்களா? சுவர் போய்விட்டது, வேலி போய்விட்டது, 1810 மட்டும் போகவில்லை. இதற்கு மேல் எனக்குச் சான்று வேண்டாம்.

இளவேனில்:
சாலைக்கரையான் சொன்னது விடுமுறைக் கணக்கு. வீட்டைவிட்டுப் பெயர்த்தெறியப்பட்ட குடும்பத்தின் கணக்கை அதனோடு ஒரே தராசில் வைக்கிறீர்கள். போர் முடிந்த பிறகும் சில ஆண்டுகள் அனுமதிச் சீட்டைக் காட்டிவிட்டு ஓடையைத் தாண்டி வந்தவர்கள், 1952 க்குப் பிறகு அண்ணன் தம்பி சாவுக்குக்கூடப் போக முடியவில்லை. மறுபடியும் சொல்கிறேன், 1952.

பாதசாரி:
நேரில் போனவருக்கு ஒரு கேள்வி. எவ்வளவு நேரம் அங்கே இருந்தீர்கள்? பேருந்தில் இறங்கி அருங்காட்சியகத்தைச் சுற்றிவிட்டு ஏறியவர்களெல்லாம் ஊரின் உள்ளம் அறிந்தவர்களாகப் பேசுவது இந்தக் குழுவின் பழைய நோய்.

சாலைக்கரையான்:
ஒரு பகல் முழுதும் இருந்தேன். நீங்கள் எழுதிய கட்டுரையில் ஓடையின் பெயரே இல்லை என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். ஓடையைக் காணாமல் அந்த ஊருக்குப் போய்வர இயலுமா என்பதை மற்றவர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

பாதசாரி:
கட்டுரை சுவரைப் பற்றியது, நீர்வளத்தைப் பற்றியது அன்று. 1989 டிசம்பர் 9 அன்று, பெர்லின் சுவர் திறந்து சரியாக ஒரு மாதம் கழித்து, அங்கே நடந்து கடக்க வழி திறந்தபோது இருகரை மக்களும் கூடினார்களே, எதைக் கடந்து கூடினார்கள்? 1990 ஜூன் 17 அன்று இயந்திரத்தைக் கொண்டுவந்து எதை இடித்தார்கள்? 1810 ஆம் ஆண்டின் கல்லை யாராவது இடித்தார்களா?

ஏட்டுச்சுவடி:
இடிக்கவில்லை. அதைத்தானே ஐயா நான் முதல் வரியிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்! இடிக்க முடியாததுதான் எல்லை. சென்ற ஆண்டு கோட்டைகளைப் பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் என் வாதத்தையே எனக்கு எதிராகத் திருப்பிவிட்டதாக எண்ணிக்கொண்டு மகிழ்ந்தீர்கள். அன்றும் ஆண்டைத் தவறாகத்தான் எழுதியிருந்தீர்கள், இன்றுவரை திருத்தவில்லை.

பாதசாரி:
கோட்டை விவாதத்தில் உங்கள் ஆண்டுதான் தவறு என்று மூன்று பேர் எழுதினார்கள். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரோடு பேசி என்ன பயன்? "ஒரே இரவில்" என்பதை நீக்கிவிட்டேன். 1966 அப்படியே இருக்கிறது, இருக்கும்.

ஐயன்பேட்டையான்:
"ஊர்" என்பதற்கு என்ன பொருள் கொள்கிறோம் என்று கேட்டிருந்தேன்.

ஏட்டுச்சுவடி:
கட்டுரையைத் திறந்து பார்த்தேன். "மோட்லராய்ட்" இன்னும் ஏழு இடங்களில் இருக்கிறது. காட்சிக்காக விட்டுவைத்த நூறு மீட்டர்ச் சுவருக்கு மூன்று படங்கள் போட்டிருக்கிறார். எல்லைக் கல்லுக்கு ஒன்றுகூட இல்லை. நாளை காலை 1810 பற்றித் தனி இழை தொடங்குகிறேன். இளவேனில் அம்மையாரும் அங்கே வந்து 1952 என்று எழுதலாம், எனக்குத் தடையில்லை.