புதுப்பிப்பு: உயர்த்திய ஹைலக்ஸின் முன்பக்கச் சத்தம் பிடிபட்டது

2 அங்குலம் உயர்த்திய டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பில் முன்பக்கம் இடைக்கிடை 'டொக்' என்று அடிக்கிறது என எழுதியிருந்தேன். காரணம் ஸ்டெபிலைசர் பார் லிங்க்: வளைவில் வண்டி அதிகம் சாயாமல் இரு பக்கத்தையும் இணைக்கும் கம்பியை (பார்) சில்லுப் பக்கத்தோடு பிணைக்கும் சிறு தண்டு.

ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிரவல் ஒழுங்கைகளில் ஒரு சில்லு மட்டும் கிடங்கில் இறங்கும்போதுதான் சத்தம். இரண்டும் சேர்ந்து ஏறும் வேகத்தடையில் இல்லை. இரண்டும் ஒன்றாக அசைந்தால் பார் முறுகாது, லிங்கில் சுமை விழாது. அதுதான் துப்பு. கராஜ் பாஸ் இரண்டு லிங்கையும் கழற்றிவிட்டு மெதுவாக ஓடிப் பார்க்கச் சொன்னார். சத்தமே இல்லை!

ஒரு பக்கம் ஜக் வைத்துத் தூக்கினால் மூட்டு இழுபட்டு ஆட்டம் மறைந்துவிடும்; சில்லுகள் நிலத்தில் இருக்கும்போதே லிங்கைக் கையால் ஆட்டிப் பாருங்கள்.

புது லிங்க் போட்டாயிற்று. அப்புறம், கீழ் ஆர்ம் (சில்லைத் தாங்கும் கை) மூட்டிலுள்ள றப்பர் புஷ்களின் போல்டுகளையும் வண்டி நிலத்தில் நிற்கும்போதே இறுக்கினோம். தொங்கவிட்டு இறுக்கினால் றப்பர் முறுகியே நின்று சீக்கிரம் கிழியும்.