கைத்தறித் துணிப் படத்தைத் தளத்தின் பின்னணியா போட்டா இணைப்புக் கோடு தெரியுது

கேள்வி:
புடவை விற்கிற தளம் ஒண்ணு. வெளிர் நிறக் கட்டம் போட்ட பருத்தித் துணியை மொபைலில் படம் எடுத்து, 600×600 பிக்சலுக்கு வெட்டிப் பின்னணியா ரிப்பீட் ஆக விட்டிருக்கேன். பக்கம் முழுக்க சதுரம் சதுரமா தெரியுது. ஜிம்ப்பில் (படம் திருத்துற மென்பொருள்) ஃபில்டர்ஸ் > மேப் > டைல் சீம்லெஸ் கொடுத்தா கோடு மறையுது, ஆனா நூல் எல்லாம் ரெண்டு ரெண்டா மங்கிடுது. நெசவு தெளிவா தெரியணும். என்ன வழி?

பதில் 1:
டைல் சீம்லெஸ், படத்தைப் பாதி தூரம் நகர்த்தின பிரதியை மூலப் படத்தோட கலக்குது. மணல், சுவர்ப்பூச்சு மாதிரி ஒழுங்கில்லாத பரப்புக்கு அது போதும். கட்டத்துணியில் ரெண்டு பிரதியின் நூலும் ஒண்ணுமேல ஒண்ணு உட்காராது, அதனாலதான் இரட்டை நூல்.

துணியைக் கட்டக் கணக்கில்தான் வெட்டணும். இஸ்திரி போட்டு, ஸ்கேனரில் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) எடுங்க. மெல்லிய துணின்னா பின்னால் வெள்ளை அட்டை வைங்க. மொபைல் படத்தில் ஓரம் இருண்டும், கேமரா சாய்ஞ்சா கட்டங்கள் ஒரு பக்கம் பெருசாவும் வரும்.

கைடு கோடு இழுத்து வச்சு, பாவு நூல் (நீளவாக்கில் ஓடுறது) அதுக்கு இணையா வர்ற வரை படத்தைச் சுழற்றுங்க. அப்புறம் ஒரு வண்ணக் கோட்டின் இடது விளிம்பில் தொடங்கி, நாலு கட்டம் தாண்டி அதே வண்ணக் கோடு தொடங்குறதுக்கு ஒரு பிக்சல் முன்னாடி முடிங்க. அந்த ஒரு பிக்சல் கூடினாலும் ஒவ்வொரு ரிப்பீட்டிலும் ஒரு கோடு மட்டும் தடிச்சுத் தெரியும். மேலிருந்து கீழும் அப்படியே. பாவும் ஊடையும் (குறுக்கு நூல்) ஒரே நெருக்கத்தில் இருக்கணும்னு இல்ல, அதனால டைல், அதாவது ரிப்பீட் ஆகுற துண்டு, செவ்வகமா வந்தா விட்டுடுங்க. இழுத்துச் சதுரமாக்க வேண்டாம்.

கடைசியா லேயர் > டிரான்ஸ்ஃபார்ம் > ஆஃப்செட். அகலம், உயரம் ரெண்டிலும் பாதி, ராப் அரவுண்ட் (ஒரு பக்கம் வெளியே போறது எதிர்ப்பக்கம் வர்றது) ஆன். இணைப்பு இப்போ நடுவில் கூட்டல் குறியா வரும். குளோன் கருவியை (ஒரு இடத்தை அப்படியே இன்னொரு இடத்தில் பூசுறது) சின்ன பிரஷ்ஷில் வச்சு, நூல் ஓடுற திசையிலேயே சரிபண்ணுங்க. ஹீல் கருவி நிறத்தைக் கலக்கும், வண்ணக் கோட்டு மேல அதைத் தவிர்க்கலாம். விளிம்புகளைத் தொடாதீங்க, அவை ஏற்கெனவே பொருந்தினவை.

பதில் 2:
மேலே சொன்னது சரி. திரும்ப ஸ்கேன் பண்ண முடியலைன்னா, வெட்டுறதுக்கு முன்னாடியே வெளிச்சத்தைச் சமன் பண்ணணும். லேயரை நகலெடுத்து, நகலை டீசாச்சுரேட் பண்ணி (நிறத்தை நீக்கி), காஸியன் பிளர் கொடுத்து மங்கலாக்குங்க. பிளரின் ஆரம் ஒரு கட்டத்தை விடப் பெருசா இருக்கட்டும், குறைஞ்சா கட்டமே அழிஞ்சிடும். நகலின் மோடை கிரெயின் எக்ஸ்ட்ராக்ட்னு மாத்துங்க, மூலப் படத்திலிருந்து அந்த மங்கலான வெளிச்சம் கழியும். படம் நடுச்சாம்பலுக்கு இறங்கும், கர்வ்ஸில் வெளிச்சத்தை ஏத்திக்குங்க.

பலர் தப்பு பண்றது படத்தின் அளவைக் குறைக்கிறப்போ. ஓர பிக்சலுக்கு எதிர்ப்பக்கம் என்ன இருக்குன்னு மென்பொருளுக்குத் தெரியாது, போன கோடு திரும்ப வரும். டைலை 3×3 ஆ அடுக்கி, மொத்தத்தையும் குறைச்சு, நடு டைலை மட்டும் வெட்டுங்க. குறைச்ச அளவு மூணால் மீதியில்லாமல் வகுபடணும்.

கேட்டவர்:
கோடு போயிடுச்சு, நன்றி. எந்த ஃபார்மட், எந்த அளவு? எழுத்து படிக்கவும் கொஞ்சம் சிரமமா இருக்கு.

பதில் 3:
512 பிக்சல் அகலத்தில் சேமிச்சு, சிஎஸ்எஸ்ஸில் பேக்கிரவுண்ட்-சைஸ் 256 பிக்சல், உயரம் ஆட்டோ. ரெட்டினா திரையிலும் (பிக்சல் நெருக்கம் அதிகமான திரை) நூல் கூர்மையா நிற்கும். உயரமும் இரட்டைப்படையா இருக்கட்டும், அரை பிக்சல் வந்தா சில பிரவுசரில் மெல்லிய கோடு தெரியும். ஜேபெக்னா ரெண்டு அளவும் 16ன் மடங்கா இருந்தா நல்லது, இல்லாட்டி டைலின் ஓரத்தில் நிறம் லேசா மாறலாம். அதுக்காக டைலை வெட்டாதீங்க, ரிப்பீட் போயிடும். அளவு குறைக்கிறப்பவே கணக்குப் பண்ணிக்குங்க.

எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 கான்ட்ராஸ்ட் (வெளிச்ச வித்தியாசம்) வேணும். கறுப்பு எழுத்துன்னா துணியின் சராசரி நிறத்தை எடுக்காம, அதிலேயே அடர் நிற நூலை ஐட்ராப்பரில் (நிறம் எடுக்கிற கருவி) எடுத்து அளங்க. தமிழில் புள்ளியும் சுழியும் நூல் கோட்டோட சீக்கிரம் குழம்பும். அதனால விலை, விவரம் வர்ற இடத்துக்கு ஒரே நிறப் பட்டை போட்டு, நெசவை ரெண்டு ஓரத்திலும் தலைப்புப் பகுதியிலும் மட்டும் காட்டுங்க.