பிரெவெட்டுக்கு என்ன சொல் போடலாம்?

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்க உள்நாட்டுப் போர்த் தளபதி ஜார்ஜ் ஹென்றி தாமஸ் வாழ்க்கை வரலாற மொழிபெயர்த்துட்டு இருக்கேன், வெள்ளிக்கிழமை கொடுத்தாகணும், பிரெவெட்ங்கற (brevet, அந்தக் காலத்து அமெரிக்கப் படைல வீரத்துக்காகக் கொடுத்த பேரளவு பதவி) சொல்லுலயே நிக்கறேன். மெக்சிகோ போர்ல மான்டெரே சண்டைக்காக பிரெவெட் கேப்டன், 1847ல புவேனா விஸ்டா சண்டைக்காக பிரெவெட் மேஜர். ஆனா பீரங்கிப் படைல அவரோட நிஜப் பதவி அப்பவும் லெப்டினன்ட்தான், கேப்டனா ஆனது 1853ல. பிரெவெட் கிடைச்சா பேரு மட்டும் உயர்ந்துச்சு, சம்பளமும் அதிகாரமும் பெரும்பாலும் பழையபடிதான் இருந்துச்சு. இப்போதைக்கு "கௌரவ மேஜர்"னு போட்டிருக்கேன்.

*

கௌரவம் வேண்டாம் தம்பி. வடசொல்ங்கறது ஒரு பக்கம், கௌரவ டாக்டர் மாதிரி படைக்கே வராதவருக்குக் கொடுத்ததுன்னு ஆயிடும். தொல்காப்பியத்துல வஞ்சித் திணைல, அதாவது படையெடுப்பப் பாடற பகுதில, ஒரு துறை, "மாராயம் பெற்ற நெடுமொழி". வேந்தன் வீரனுக்குக் கொடுக்கற சிறப்புதான் மாராயம், ஏனாதி காவிதிங்கற பட்டங்கள் எல்லாம் அந்த வகை. புறநானூறு 167ல ஏனாதி திருக்கிள்ளிய வாள் வடு நிறைஞ்ச உடம்போட காட்டுவாங்க பாருங்க, கேக்க இனியவன் கண்ணுக்கு இன்னாதவன்னு, என்ன பாட்டு அது! மாராய மேஜர்னு போடுங்க.

*

ஐயா, பாட்டு அருமை, ஆனா மாராய மேஜர்னு வகுப்புல சொன்னா ஒரு பிள்ளைக்கும் புரியாது. ஏனாதிக்கு அரசன் கொடுக்கற மோதிரமாவது உண்டு, பிரெவெட்டுக்கு அதுவும் இல்ல. பிரெவெட் பிரெஞ்சுச் சொல், சின்னச் சீட்டுன்னு அர்த்தம், மூலம் சுருக்கம்னு பொருள்படற லத்தீன். ஏட்டுல மட்டும் இருக்கற பதவி, அதனால ஏட்டு மேஜர்.

*

அக்கா, ஏட்டுன்னா ஸ்டேஷன் ஏட்டுதான் ஞாபகம் வருவாரு, இல்லாட்டி ஏட்டுச் சுரைக்காய். உயிரப் பணயம் வச்சு வாங்கினதுக்கு அது நியாயமில்ல. பட்டம்னு ஒரு நல்ல சொல் நம்மகிட்டயே இருக்கே. அமெரிக்கப் படை அதிகாரி கஸ்டர் 1876ல லிட்டில் பிக்ஹார்ன் சண்டைல செத்தப்போ பதவி லெப்டினன்ட் கர்னல், பட்டம் மேஜர் ஜெனரல். எவ்வளவு தெளிவா இருக்கு! தாமஸ் கதைக்கும் இதுதான் பொருந்தும். 1868ல ஜனாதிபதி ஜான்சன் படைத் தலைவர் கிராண்டுக்குப் பதிலா இவரக் கொண்டுவரணும்னு ஜெனரல் வரைக்கும் பட்டம் நீட்டினாரு, தாமஸ் செனட்டுக்கு தந்தி அடிச்சு வேண்டாம்னுட்டாரு, போருக்கு அப்புறம் செஞ்ச வேலைக்கு இது அதிகம், போர்ல செஞ்சதுக்குன்னா காலம் கடந்துடுச்சுன்னு. அந்த இடத்துல "பட்டத்தை மறுத்தார்"னு எழுதினா யாருக்குத்தான் புரியாது?

*

பொருள் சரி, ஆனா "பட்ட மேஜர்"னு எழுதாதீங்க, அடிபட்ட மேஜர்னு படிப்பாங்க. "மேஜர் பட்டம் பெற்றார்", "கேப்டன் பதவி பெற்றார்", இப்படிப் பிரிச்சு எழுதுங்க.

*

எல்லாருக்கும் நன்றி. நாலு பேர் தனிமடல்லயும் பட்டம்னே சொல்லியிருக்காங்க, அதையே போட்டுடறேன். மாராயம் முன்னுரைல வரும் ஐயா.

*

நான் ஒத்துக்கல. அந்தக் காலத்துல ஜனாதிபதி உத்தரவு போட்டா பிரெவெட் தரத்துலயே படைய நடத்த முடிஞ்சுது, அப்படின்னா அது வெறும் பட்டம் இல்ல, நிஜ அதிகாரம். இந்த ரெண்டு நிலையையும் பட்டம் தாங்காது. பிரெவெட்னே விட்டுட்டு அடிக்குறிப்புல விளக்குங்க.