ஊரடங்கில் எங்கள் மதுரை வீட்டு அடுப்படி

ஊரடங்கு நாள்களில் வீட்டில் என்ன சமைத்தோம், எது ஆறுதலாக இருந்தது என்று பலரும் எழுதுவதைப் படித்தபோது, மதுரைக்காரர்களின் அனுபவமும் இதில் சேர வேண்டும் என்று தோன்றியது. நள்ளிரவிலும் சூடான இட்லி கிடைக்கும் ஊர் எங்களுடையது. பொழுது சாய்ந்தால் கொத்துப் பரோட்டா போடும் சத்தம் தெருவுக்குத் தெரு கேட்கும். வீட்டில் மாவு தீர்ந்துவிட்டால் யாரும் கவலைப்பட மாட்டோம். தூக்குவாளியுடன் தெருமுனைக்குப் போனால் இரவுச் சாப்பாடு முடிந்துவிடும். அந்த ஊரில் 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்கு 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. அன்றிரவே நாடு முழுவதற்கும் 21 நாள் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. மறுநாள் விடிவதற்குள், தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் எங்கள் ஊர் அரசு இராசாசி மருத்துவமனையில் நிகழ்ந்த செய்தி வந்து சேர்ந்தது. உணவகங்களில் பார்சல் தரலாம் என்று அனுமதி இருந்தும், வேலையாள்கள் சொந்த ஊருக்குப் போய்விட்டதால் எங்கள் பகுதிக் கடைகள் பூட்டியே கிடந்தன.

வீட்டில் நாங்கள் ஐந்து பேர். நான் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். கடை மூடியதும் பாதிச் சம்பளம்தான் வந்தது. அதுவும் தாமதமாக வந்தது. மகள் கல்லூரி விடுதியிலிருந்து திரும்பியிருந்தாள். மகன் பத்தாம் வகுப்பு; ஜூன் 9 அன்று தேர்வு ரத்தானதாக அறிவிக்கும் வரை, எந்த நாளில் தேர்வு வரும் என்று தெரியாமலே படித்துக்கொண்டிருந்தான். என் கணவரின் வேலை வீட்டுக்கூடத்துக்கு இடம் மாறியிருந்தது. இவர்களுக்கெல்லாம் மூன்று வேளையும் அடுப்பு எரிய வேண்டியிருந்தது. அந்த அடுப்படியை நடத்தியவர் எழுபதைக் கடந்த என் மாமியார்தான். நான் வேலைக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்து அவசரச் சமையலையே பழகியிருந்தேன். அத்தைக்குத் தெரிந்த பக்குவங்களைப் பக்கத்தில் நின்று பார்ப்பதற்கு அதுவரை எனக்கு நேரமே வாய்த்ததில்லை.

அவருடைய முதல் ஏற்பாடு, வீட்டில் இருப்பதை எல்லாம் எடுத்து வெளியே வைத்தது. பரணில் இருந்த பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களில் சுண்டைக்காய் வற்றல், மோர் மிளகாய், கொத்தவரங்காய் வற்றல், உப்பு நாரத்தங்காய், கொட்டை எடுத்த புளி எல்லாம் இருந்தன. ஒவ்வொரு கோடையிலும் அவர் காயவைத்து எடுத்து வைப்பார். நாங்களோ அப்பளத்தோடு ஒன்றாகப் பொரித்துத் தின்றுவிட்டு மறந்துவிடுவோம். ஏப்ரல் 26 முதல் 29 வரை மதுரை, சென்னை, கோவை மாநகராட்சிகளில் முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். அதற்கு முந்தைய நாள் காலையில் கடைவீதியில் இருந்த நெரிசலைப் பார்த்துவிட்டு, என் கணவர் பாதிப் பையோடு திரும்பி வந்தார். அத்தை அந்தப் பையைப் பார்த்துவிட்டு, “போதும்ப்பா, இதுக்கு மேல எதுக்கு?” என்றார். அந்த நான்கு நாளும் எங்களுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. ஒரு நாள் சுண்டைக்காய் வற்றல் குழம்பும் சுட்ட அப்பளமும். ஒரு நாள் பருப்புத் துவையலும் மிளகு ரசமும். ஒரு நாள் மோர்க்குழம்பு. வற்றலை நல்லெண்ணெயில் கருக விடாமல் பொன்னிறத்தில் எடுத்துத் தனியே வைத்துவிட்டு, அதே எண்ணெயில் தாளித்துப் புளிக்கரைசலை ஊற்றி, எண்ணெய் மேலே மிதந்து வரும் வரை கொதிக்கவைத்து, இறக்கும்போதுதான் வற்றலைச் சேர்க்க வேண்டும் என்பதை அன்றுதான் கற்றேன். முன்பே போட்டால் வற்றல் ஊறிச் சதசதத்துவிடும்.

பிள்ளைகளின் சமையலும் இடையிடையே நடந்தது. ஊரெல்லாம் பேசிய டல்கோனா காபியை மகளும் செய்தாள். இன்ஸ்டன்ட் காபித்தூள், சர்க்கரை, வெந்நீர் மூன்றையும் சம அளவில் சேர்த்துக் கைவலிக்க அடித்து, நுரையைப் பாலின்மேல் ஏற்றி அத்தையிடம் கொடுத்தாள். “நுரைக்கு இம்புட்டுப் பாடா? டபராவுல நாலு ஆத்து ஆத்துனா வந்துட்டுப் போகுது” என்று சொன்னாலும், அத்தை தம்ளரைக் காலி செய்த பிறகுதான் கீழே வைத்தார். மகனுக்குப் பரோட்டா ஏக்கம். மைதாவை எண்ணெய் தடவி ஊறவைத்து வீசிப் பார்த்தான், வீச வரவில்லை. கல்மேடையிலேயே கையால் இழுத்து மெல்லிசாக்கிச் சுருட்டினான், அடுக்கு வந்துவிட்டது. தேங்காய், கசகசா, சோம்பு, பொட்டுக்கடலை அரைத்து ஊற்றிய வெறும் சால்னாவோடு நாங்கள் சாப்பிட்ட அந்த இரவில், வீடு பழைய கலகலப்பில் இருந்தது.

எனக்கு மறக்கவே முடியாதது கூழ் வடகம் போட்டதுதான். அக்கினி நட்சத்திர வெயில் தொடங்கியதும், கையில் இருந்த பச்சரிசியையும் ஜவ்வரிசியையும் அத்தை ஊறப்போட்டார். அரைத்த மாவை இரவு முழுவதும் புளிக்கவிட்டு, விடியற்காலையில் உப்புப் போட்டுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தார். நான் மாவை ஊற்ற ஊற்ற, அவர் கட்டி விழாமல் கிண்டிக்கொண்டே இருந்தார். பச்சைமிளகாய் விழுதும் சீரகமும் அதில் சேர்ந்தன. எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்து, சூடு தணிந்த பிறகே பிழிந்தார். கூழ் வெந்ததற்கு அவர் வைத்திருந்த அடையாளம், தண்ணீரில் நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது என்பது. என் விரலைப் பிடித்துத் தொடவைத்து, “இப்ப ஒட்டுதா? இன்னும் ரெண்டு கிண்டு கிண்டுத்தா” என்று பதம் காட்டினார்.

வெயில் ஏறுவதற்குள் மொட்டைமாடியில் மாமாவின் பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து, நால்வரும் நான்கு பக்கம் உட்கார்ந்து கரண்டி கரண்டியாக ஊற்றினோம். காக்கைக்குப் பயந்து ஒரு கறுப்புக் குடையை விரித்து வைத்தோம். மறுநாள் வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்துச் சற்று ஊறவிட்டால், வடகம் கிழியாமல் உரிந்து வருகிறது. உரித்ததைத் தாம்பாளத்தில் பரப்பி, கையில் ஒடித்தால் சடக்கென்று ஒடியும் வரை காயவைக்க வேண்டும். பாதி காய்ந்த வடகத்தைப் பிள்ளைகள் யாருக்கும் தெரியாமல் எடுத்துத் தின்றதும், அத்தை அதைக் கண்டும் காணாததுபோல் இருந்ததும் எனக்குத் தெரியும்.

அந்த மாடியில்தான் அடுத்த வீட்டுப் பெரியவருடன் பழக்கம் ஏற்பட்டது. ஓய்வுபெற்ற ஆசிரியர், பிள்ளைகள் வெளிநாட்டில், மனைவி காலமான பிறகு மெஸ் சாப்பாட்டை நம்பியிருந்தவர். பல ஆண்டுகளாக அடுத்தடுத்த வீட்டில் இருந்தும் நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. வடகம் ஊற்றுவதைத் தள்ளி நின்று பார்த்தவர், தாம் மூன்று வேளையும் ரவை கிண்டியே சமாளிப்பதாகப் பேச்சுவாக்கில் சொன்னார். அன்றிலிருந்து மதிய வேளையில் ஒரு தூக்குவாளியை நாங்கள் கைப்பிடிச் சுவர்மேல் வைப்பதும், நாங்கள் விலகியதும் அவர் வந்து எடுத்துக்கொள்வதும் வழக்கமாயின. மாலையில் கழுவித் திரும்பும் வாளி ஒருநாளும் வெறுமையாக வந்ததில்லை. அவருடைய தொட்டிச் செடியில் பறித்த கறிவேப்பிலையோ இரண்டு எலுமிச்சம்பழமோ அதில் இருக்கும். “ஏம்மா, இன்னைக்கு ரசத்துல என்ன சேர்த்தீங்க?” என்று சுவருக்கு அப்பாலிருந்து கேட்பார். வேப்பம்பூ என்று சொன்னால், அதைப் பற்றியே வெகுநேரம் பேசிக்கொண்டிருப்பார். அவருக்குச் சோற்றைவிடப் பேச்சுத்துணைதான் பெரிதாகத் தேவைப்பட்டிருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அக்காவால் வர முடியவில்லை. அவருக்குச் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது என்பதில் அத்தை உறுதியாக இருந்தார். ரேஷன் கடையில் குடும்ப அட்டைக்குத் தந்த 1,000 ரூபாயும் விலையில்லா அரிசியும் பருப்பும் வந்திராவிட்டால் தங்கள் தெருவில் பல வீடுகளில் உலை ஏறியிருக்காது என்று அந்த அக்கா தொலைபேசியில் சொன்னார். நாங்கள் மாடியில் வடகம் காயவைத்து மகிழ்ந்திருந்த அதே நாள்களில் இதுவும் நடந்தது என்பதால் எழுதுகிறேன்.

சித்திரைத் திருவிழா இல்லாத சித்திரையை மதுரையில் யாரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். அவ்வாண்டு தேரோட்டமும் இல்லை, அழகர் ஆற்றில் இறங்குவதும் இல்லை என்றார்கள். மீனாட்சி திருக்கல்யாணம் மட்டும், மே 4 அன்று, சில சிவாச்சாரியார்களைக் கொண்டு கோயிலுக்குள்ளேயே நடந்தது, நேரலையில் காட்டினார்கள். அம்மனுக்கு மங்கலநாண் பூட்டும் அந்த நேரத்தில் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வது இங்கே சுமங்கலிகளின் வழக்கம். கடை இல்லாததால் அத்தை வெள்ளை நூலைத் திரித்து, மஞ்சளைக் குழைத்துப் பூசி, நிழலில் உலர்த்திக் கயிறு செய்தார். தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன் கோலம் போட்டு, அதன் எதிரில் உட்கார்ந்து நான் கயிறு மாற்றிக்கொண்டேன். சேதுபதி பள்ளியில் நடக்கும் திருக்கல்யாண விருந்தில் ஊரே பந்தியில் உட்காரும். அது இல்லையே என்று மகன் முகம் வாடினான். அத்தை சர்க்கரைப் பொங்கல் கிண்டி, வாழையிலை கிடைக்காததால் தட்டிலேயே பரிமாறினார். அழகருக்கென்று செய்த பானகத்தில் ஒரு சொம்பு சுவரைத் தாண்டிப் பெரியவர் வீட்டுக்கும் போனது.

ஜூன் 24 முதல் எங்கள் ஊருக்கு மீண்டும் முழு ஊரடங்கு வந்தபோது அடுப்படி பழகியிருந்தது, அதனால் சொல்லப் புதிதாக ஒன்றுமில்லை. 2021 மே மாதம் வேறு மாதிரி. மே 24 முதல் மளிகைக் கடைகளைக்கூட மூடிவிட்டு, காய்கறியை வண்டிகளில் தெருவுக்கே கொண்டுவந்த அந்த வாரத்தில், நானும் என் கணவரும் தொற்றோடு மாடி அறையில் இருந்தோம். எனக்கு மணமே தெரியவில்லை. மகள் ரசம் வைத்து, வாசலில் ஸ்டூல்மேல் வைத்துவிட்டுப் போவாள். சூடு தெரியும், உப்புத் தெரியும், வேறெதுவும் தெரியாது. காலையில் எழுந்ததும் பெருங்காய டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்ப்பேன். மெல்ல அதன் காரமான நெடி மூக்கில் ஏறிய அன்று, அத்தையைக் கூப்பிட்டுச் சத்தமாகச் சொன்னேன். கீழேயிருந்து அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “அப்ப மத்தியானத்துக்கு வத்தக்குழம்பு வைக்கட்டுமா?”

கோவையிலும் சென்னையிலும் இருந்தவர்களுக்கும் 2020 ஏப்ரல் கடைசியில் அந்த நான்கு நாள் முழு ஊரடங்கு இருந்தது. காய்கறி இல்லாத அந்த நாள்களில் உங்கள் வீட்டுப் பரணிலிருந்து என்ன இறங்கியது, யார் சமைத்தார்கள் என்பதை விரிவாக எழுதுங்கள். கொங்குப் பக்கத்து வற்றல் பக்குவங்களை அத்தைக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை.