வாய் வறட்சியை எப்படிக் கணிப்பது? நோயாளி சொல்வதும் நாம் பார்ப்பதும் ஒத்துப்போகவில்லை

கேள்வி (குறிஞ்சிப்பாடி செவிலியர்):
வணக்கம். கிராமங்களில் வீட்டுக்கே போய் நோய்த்தணிப்பு சிகிச்சை பார்க்கிறேன். நுரையீரல் புற்றுநோய் வலிக்கு மார்பின் என்ற மருந்தை எடுக்கும் பெரியவர் ஒருவர் "வாய் காயுதும்மா, சோறு இறங்கல" என்கிறார், டார்ச் அடித்துப் பார்த்தால் நாக்கு ஈரமாகத்தான் இருக்கிறது. இன்னொரு வீட்டில் பாட்டிக்கு நாக்கு வெடித்துக் கிடக்கிறது, கேட்டால் "ஒண்ணும் இல்ல". பதிவேட்டில் உண்டு, இல்லை என்று இரண்டே கட்டம். எதை நம்பி எழுதுவது? எச்சிலை அளக்க வேண்டுமா?

பதில் 1 (மருத்துவர், புதுச்சேரி):
சிஸ்டர், பெரியவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள். வறட்சி என்பது அவர் உணர்வது, எச்சில் குறைவது வேறு விஷயம், இரண்டும் எப்போதும் சேர்ந்து வருவதில்லை. 0 முதல் 10 வரை எவ்வளவு என்று கேளுங்கள். எண் பிடிபடாவிட்டால் கொஞ்சமா, ரொம்பவா, தாங்க முடியலையா என்று கேட்டால் போதும். அதைவிட முக்கியம், தண்ணீர் குடிக்காமல் இட்லி இறங்குகிறதா, பேசும்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டுகிறதா, ராத்திரி தண்ணீருக்காக விழிக்கிறாரா என்பது.

அப்புறம் வாயைப் பாருங்கள், ஆனால் அவர் அப்போதுதான் தண்ணீர் குடித்திருந்தால் ஈரத்தை நம்ப முடியாது. நாக்கடியில் எச்சில் தேங்குகிறதா, நுரைத்து நூலாக வருகிறதா, கையுறை போட்ட விரல் கன்னத்தின் உட்புறம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். பல்செட் இருந்தால் கழற்றச் சொல்லி அடியிலும் பார்க்க வேண்டும், பூஞ்சை அங்கேதான் ஒளிந்திருக்கும். வெள்ளைப் படலமே இல்லாமல் வெறும் சிவப்பாகவும் அது வரும். அளப்பதென்றால் சும்மா ஊறும் எச்சிலைச் சில நிமிடம் துப்பச் சொல்லி, நிமிடத்துக்கு 0.1 மில்லிக்குக் கீழே போனால் குறைவு என்பார்கள். களைத்துப்போனவரை நான் அந்தச் சிரமத்துக்கு உட்படுத்த மாட்டேன், அதனால் சிகிச்சை பெரிதாக மாறப்போவதில்லை. பாட்டி விஷயத்தில் சோறு ஊட்டுபவரைக் கேளுங்கள், ஆனால் வெடிப்பை எழுதாமல் விடாதீர்கள்.

பதில் 2 (மருந்தாளுநர், கடலூர்):
மருந்துச் சீட்டை வாங்கிப் பாருங்கள். மார்பின் மட்டுமல்ல, நரம்பு வலிக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், அரிப்புக்கும் சளிக்கும் கடையில் வாங்கும் குளோர்பெனிரமின், சிறுநீர் அடக்க முடியாததற்கான ஆக்சிபியூட்டினின் எல்லாமே வாயை உலர்த்தும். ஒவ்வொன்றும் என்றைக்குத் தொடங்கியது, வறட்சி எப்போது வந்தது என்று பக்கத்தில் எழுதினால் டாக்டருக்கு ரொம்ப உதவும். வீட்டுக்காரர்கள் தாங்களாகவே மார்பினை நிறுத்திவிடக் கூடாது, அதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள். ஆக்சிஜன் ஓடுகிறதா, வாயால் மூச்சு விடுகிறாரா என்பதும் சேரட்டும்.

பதில் 3 (மகள், அரியாங்குப்பம்):
அம்மாவை வீட்டில் வைத்துத்தான் பார்த்தோம். கடைசி நாட்களில் பேச்சு இல்லை, சொந்தக்காரர்கள் எல்லாரும் "நாக்கு வறண்டு போகுதே, குளுக்கோஸ் ஏத்துங்க" என்று அழுதார்கள். டிரிப் போட்டால் வாய் வறட்சி தீர்ந்துவிடும் என்று சொல்ல முடியாது, வாயை அடிக்கடி நனைப்பதுதான் உதவும் என்று வந்த சிஸ்டர் பொறுமையாக விளக்கினார். உதடு வெடிக்கிறதா, வாயைத் தொட்டால் முகம் சுளிக்கிறாளா என்று எங்களையே பார்க்கப் பழக்கினார். பேச முடியாதவர்களுக்கு நீங்களும் குடும்பத்துக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். பார்த்துக்கொள்கிறவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

கேட்டவர்:
எல்லாருக்கும் நன்றி. பெரியவருக்கு அமிட்ரிப்டிலின் போன மாதம்தான் சேர்த்திருக்கிறார்கள், இன்றைக்கே டாக்டரிடம் பேசுகிறேன். பதிவேட்டில் கட்டம் இல்லாவிட்டால் என்ன, ஓரத்தில் எண்ணையும் அவர் சொன்னதையும் எழுதிவிடலாம். பாட்டியின் பல்செட்டை அடுத்த முறை கழற்றிப் பார்க்கிறேன்.